பைக்கே இல்லாத எனக்கு ஹெல்மெட் சலான், கோர்ட்டுக்கும் போய்விட்டது. கட்டுவதா, எதிர்ப்பதா?

தாமிரபரணிக்காரன்:

வணக்கம். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு கார், 2021 மாடல். பைக், ஸ்கூட்டர் எதுவும் கிடையாது. ஆனால் ஹெல்மெட் போடாமல் இருசக்கர வாகனம் ஓட்டியதாக 1,000 ரூபாய்க்கு சலான் வந்திருக்கிறது. இடம் மேற்கு மாவட்டத்து ஊர் ஒன்று. கேஸ் நடப்பதால் ஊர்ப் பெயர் வேண்டாம். என் கார் அந்தப் பக்கம் போனதே இல்லை.

எஸ்எம்எஸ்ஸில் வந்த லிங்கைத் தொடவில்லை. பரிவாகன் இ-சலான் தளத்துக்கு நேராகப் போய் வண்டி எண்ணைப் போட்டேன். நிஜமாகவே இருக்கிறது. படத்தில் ஒரு பைக்கின் பின்பக்கம் தெரிகிறது, நம்பர் பிளேட் மங்கல். இப்போது பார்த்தால் விர்ச்சுவல் கோர்ட்டுக்கு (ஆன்லைன் நீதிமன்றம்) அனுப்பியாகிவிட்டது என்று நிலை மாறியிருக்கிறது.

கட்டித் தொலைத்துவிடலாமா? எதிர்த்தால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவ்வளவு தூரம் போய் நிற்க வேண்டுமா? வீட்டில் "கிரிமினல் கேஸா" என்று பயப்படுகிறார்கள். காரை விற்கப் பேச்சு வேறு நடக்கிறது. சலான் நிலுவையில் இருந்தால் பெயர் மாற்றம் நடக்காது என்கிறார் புரோக்கர்.

ரெண்டு சக்கரம்:

கட்டிவிட்டுத் தூங்குங்கள் சார். ஆயிரம் ரூபாய் விஷயத்துக்கு வக்கீல் வைத்தால் ஐயாயிரம் ஆகும். நியாயம் பேசும் நேரத்தில் காரை விற்றுவிடலாம்.

பொருநை:

அண்ணாச்சி, நமக்கும் இதே கூத்து நடந்தது. ஆனால் என்னுடையது கோர்ட்டுக்குப் போகும் முன்பே தெரிந்துவிட்டது. இ-சலான் தளத்திலேயே புகார் பகுதி இருக்கிறது. ஆர்சி, வண்டிப் படம் இரண்டையும் அதில் ஏற்றினேன். அந்த ஊர் போக்குவரத்துக் காவல் ஆய்வாளருக்குப் பதிவுத் தபாலில் ஒரு மனுவும் போட்டேன். ரத்து செய்துவிட்டார்கள். கோர்ட்டுக்குப் போன பிறகு போலீஸே ரத்து செய்ய முடியுமா என்று தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

கோர்ட் குமாஸ்தா:

முடியாது. கோர்ட் கையில் எடுத்த பிறகு கோர்ட்தான் முடிக்க வேண்டும். போலீஸ் அறிக்கை கொடுக்கலாம், அவ்வளவுதான்.

தாமிரபரணி சார், முதலில் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தை மீறுவதும் சட்டப்படி குற்றம்தான். அதனால் குற்றவியல் நடுவர் முன்னால்தான் போகும். திருட்டு கேஸ் போகும் அதே கட்டடம், அதே கோர்ட் போலீஸ். ஆனால் ஹெல்மெட் கேஸ் 194டி பிரிவு, வண்டி ஓட்டியவருக்கு 1,000 ரூபாய் அபராதம், ஜெயில் இல்லை. எங்கள் ஊர் கோர்ட்டில் இதற்கு எஸ்.டி.சி. நம்பர்தான் போடுவார்கள், அதாவது சுருக்க விசாரணை.

ரோட்டில் போலீஸிடமோ, கோர்ட்டுக்குப் போகும் முன் ஆன்லைனிலோ கட்டுவது 200-வது பிரிவின்படி சமரசக் கட்டணம். அத்தோடு விஷயம் முடிந்தது, தண்டனை என்ற பேச்சே இல்லை. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் ஏற்றியது இந்தச் சமரசக் கட்டணங்களைத்தான். விர்ச்சுவல் கோர்ட்டில் கட்டுவது வேறு. அது குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவது. ஓட்டாத வண்டிக்கு அதை ஏன் செய்ய வேண்டும்?

இன்னொன்றையும் யோசியுங்கள். உங்கள் நம்பரைப் போலியாக மாட்டிக்கொண்டு ஒரு பைக் சுற்றினால், நாளை அது யாரையாவது இடித்துவிட்டு ஓடும். அப்போது 133-வது பிரிவில் "ஓட்டியது யார், சொல்" என்று பதிவுபெற்ற உரிமையாளருக்கு நோட்டீஸ் வரும். அன்றைக்கு நீங்கள் கட்டிய இந்த ரசீதை எடுத்துக் காட்டி, "போன தடவை ஒப்புக்கொண்டாரே" என்பார்கள். ரெண்டு சக்கரம் தம்பி கணக்குப் போட்டது ஆயிரம் ரூபாய்க்கு மட்டும்தான்.

செய்ய வேண்டியது: உங்கள் ஊர் ஸ்டேஷனில், என் வாகன எண்ணை வேறு வண்டியில் பயன்படுத்துவதாகச் சந்தேகம் என்று எழுதிக் கொடுத்து சிஎஸ்ஆர் (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான) ரசீது வாங்குங்கள். எஃப்ஐஆர் வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம், இப்போதைக்கு சிஎஸ்ஆர் போதும். அப்புறம் விர்ச்சுவல் கோர்ட்டின் விகோர்ட்ஸ் தளத்தில் தமிழ்நாடு போக்குவரத்துப் பிரிவில் உங்கள் கேஸைத் திறங்கள். அபராதம் கட்டுவது, வழக்கை எதிர்கொள்வது என இரண்டு வழி காட்டும். இரண்டாவதை எடுத்தால் சம்பவ இடத்துக்குரிய வழக்கமான கோர்ட்டுக்கு மாறும். உங்கள் வழக்குக்கென்று கொடுக்கும் 16 இலக்க சிஎன்ஆர் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டால், இ-கோர்ட்ஸ் ஆப்பில் வாய்தா தேதியை வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் நேரில் நிற்க வேண்டும் என்று இல்லை. நீங்கள் நேரில் வராமல் வக்கீல் மூலம் ஆஜராக, பிஎன்எஸ்எஸ் என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 228-வது பிரிவின்படி (பழைய சட்டத்தில் 205) நடுவர் அனுமதிக்கலாம். ஆதாரம் என்று பெரிதாக எதுவும் தேவையில்லை. ஆர்சியில் வாகன வகை "மோட்டார் கார்" என்று இருக்கும், சலான் படத்தில் பைக் இருக்கிறது. இதைப் பார்க்க நடுவருக்கு அரை நிமிடம் போதும். உங்கள் கார் 2021 என்பதால் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டோடுதான் வந்திருக்கும். படத்தில் இருப்பது சாதா பிளேட்டா என்று பெரிதாக்கிப் பாருங்கள்.

கேமரா போட்ட சலானா, காவலர் கைக்கருவியில் போட்டதா என்றும் பாருங்கள். கேமரா என்றால் சம்பவம் நடந்து 15 நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ சொல்கிறது.

தாமிரபரணிக்காரன்:

நன்றி சார். கைக்கருவி என்றுதான் நினைக்கிறேன், சலானில் காவலர் பதவி போட்டிருக்கிறது. பிளேட் சாதா பிளேட்தான். வக்கீல் செலவுதான் யோசனையாக இருக்கிறது.

கோர்ட் குமாஸ்தா:

கார் உங்கள் பெயரிலா, வீட்டம்மா பெயரிலா? பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வருமான வரம்புக்குள் இருப்பவர்கள் எல்லோருக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் உண்டு. 1987-ம் ஆண்டு சட்டத்தின் 12-வது பிரிவு. அதே கோர்ட் வளாகத்தில்தான் ஆபீஸ் இருக்கும். இந்தச் சின்ன கேஸுக்குப் போவதா என்று கூச்சப்பட வேண்டாம்.

வளைகுடா கனவு:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கும் சலான்தான், ஆனால் தண்ணி போட்டு ஓட்டிய கேஸ். மெஷின் ஸ்லிப்பில் 78 என்று இருக்கிறது. வண்டி ஸ்டேஷனில் நிற்கிறது. பத்தாயிரத்தை ஆன்லைனில் கட்டி முடிக்க முடியுமா? பாஸ்போர்ட் புதுப்பிக்க வேண்டும், துபாயில் வேலை கிட்டத்தட்ட உறுதி.

ரெண்டு சக்கரம்:

இவருக்கும் நியாயம் பேசச் சொல்வீர்களா குமாஸ்தா சார்?

கோர்ட் குமாஸ்தா:

இவர் கதை வேறு. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் போனால் 185-வது பிரிவு. முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் இரண்டு வருடம் வரை, 15,000. 200-வது பிரிவின் சமரசப் பட்டியலில் 185 கிடையாது. ஸ்டேஷனில் யாராவது "இங்கேயே முடித்துக்கொள்ளலாம்" என்றால் அதைக் காதில் வாங்காதீர்கள் தம்பி, கோர்ட்டுக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

சம்மனில் இருக்கும் தேதியில் காலையிலேயே போய்விடுங்கள். ஸ்லிப்பில் உள்ள நேரம், பெயர், கையெழுத்து சரியா என்று முன்னாலேயே பாருங்கள். தப்பு இருந்தால் வக்கீலிடம் காட்டுங்கள். எல்லாம் சரி, குடித்ததும் உண்மை என்றால், பெரும்பாலானவர்கள் ஒப்புக்கொண்டு அபராதம் கட்டி அன்றே வெளியே வருகிறார்கள். அந்த ரசீதோடு ஸ்டேஷனுக்குப் போனால் வண்டியை எடுக்கலாம். லைசென்ஸ் தனி. அதை ஆர்டிஓ 19-வது பிரிவில் முடக்குவார், பொதுவாக மூன்று மாதம். அதற்கு முன் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும், பதில் எழுதுங்கள்.

போகாமல் இருந்தால் பிடிவாரண்டு. ஏர்போர்ட்டுக்குப் போக வேண்டிய ஆள் அதை வாங்கிக்கொள்ளக் கூடாது.

பாஸ்போர்ட் விஷயத்தில் இரண்டு பிரிவைக் குழப்பிக்கொள்கிறார்கள். 1967 பாஸ்போர்ட் சட்டத்தில் 6(2)(இ) என்பது, ஒழுக்கக்கேடான குற்றத்துக்கு இரண்டு வருடத்துக்குக் குறையாத சிறைத்தண்டனையைக் கடந்த ஐந்து வருடத்துக்குள் வாங்கியவர்களுக்கு. அபராதம் கட்டியவர் அதில் வரமாட்டார். 6(2)(எஃப்) தான் உங்கள் தலைவலி: கோர்ட்டில் கிரிமினல் வழக்கு நிலுவையில் இருந்தால் மறுக்கலாம். ஆகவே கேஸை முடித்து, தீர்ப்பு நகல் கையில் வந்த பிறகு விண்ணப்பியுங்கள். படிவத்தில் வழக்கு பற்றிக் கேட்கும் இடத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

காந்தல்:

இந்த இழையைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வாட்ஸப்பில் சலான் என்று ஏபிகே கோப்பு (போனில் ஆப்பை நிறுவுவது) வந்தால் தொடாதீர்கள். அரசுத் தளம் என்றால் முகவரி ஜிஓவி டாட் இன் என்று முடியும். என் சித்தப்பா கணக்கில் இருந்ததை இப்படித்தான் வழித்துவிட்டார்கள். பணம் போனால் உடனே 1930-க்கு அடியுங்கள்.

தாமிரபரணிக்காரன்:

என்ன நடந்தது என்று சொல்லாமல் போனால் தப்பு. வழக்கை எதிர்கொள்வதாகக் கொடுத்தேன், அந்த ஊர் நடுவர் கோர்ட்டுக்கு மாறியது. கார் மனைவி பெயரில் என்பதால் இலவச வக்கீல் கிடைத்தார், நல்ல மனுஷி. போக்குவரத்துப் போலீஸிடமும் அறிக்கை கேட்டார்கள். போலி நம்பர் எல்லாம் இல்லை. பைக் பிளேட்டில் 8 இருந்த இடத்தில் 3 என்று அடித்திருக்கிறார் காவலர். நடுவர் படத்தைப் பார்த்துவிட்டு கேஸை முடித்துவிட்டார். நாங்கள் போகவே இல்லை. ஆனால் தளத்தில் இன்னும் நிலுவை என்றே காட்டுகிறது!

ரெண்டு சக்கரம்:

சரி, என் கணக்கு தப்பு. ஆனால் கார் விற்பனை எவ்வளவு தள்ளிப்போனது?

தாமிரபரணிக்காரன்:

வாங்க வந்தவர் வேறு கார் பார்த்துவிட்டார். அதுவும் உண்மைதான்.

கோர்ட் குமாஸ்தா:

கோர்ட்டில் முடிந்தது தளத்தில் தானாக இறங்கும் என்று காத்திருக்காதீர்கள். காப்பி அப்ளிகேஷன் போட்டு உத்தரவின் சான்றிட்ட நகல் இரண்டு வாங்கச் சொல்லுங்கள். ஒன்றை சலான் போட்ட போக்குவரத்துப் பிரிவுக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், இ-சலான் புகார் பகுதியிலும் ஏற்றுங்கள். இன்னொன்று ஆர்சியோடு இருக்கட்டும், அடுத்து வாங்க வருபவரிடம் காட்டலாம். உங்கள் ஊர் ஸ்டேஷனில் கொடுத்த சிஎஸ்ஆரையும், எண் தட்டச்சுப் பிழை என்று தெரிந்துவிட்டதாக எழுதிக் கொடுத்து முடித்துவிடுங்கள்.