மறு: டெமோகிராஃபிக் பேக்ரவுண்ட் – குழந்தை ஆய்வுகளுக்கு என்ன சொல் வைக்கலாம்?

குழும நண்பர்களுக்கு வணக்கம். குழந்தைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து கவனிக்கும் ஆய்வுகளில் வரும் "டெமோகிராஃபிக் பேக்ரவுண்ட்" (ஆளையும் குடும்பத்தையும் பற்றிய அடிப்படை விவரங்கள்) என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது என்ற கேள்விக்கு என் பதில் இது.

> "மக்கள்தொகைப் பின்னணி" என்றே வைத்துவிடலாமே.

மக்கள்தொகை ஊருக்கு உண்டு, நாட்டுக்கு உண்டு. ஒரு குழந்தைக்கு ஏது? பிறந்தபோது தாயின் வயது என்ன, எதுவரை படித்தார், வீட்டில் பேசும் மொழி எது, எந்த ஊர் என்றுதான் ஆய்வாளர்கள் கேட்கிறார்கள். அதற்குத் "தன்விவரம்" போதும். விண்ணப்பப் படிவங்களில் பழகிய சொல்தான்.

> சரி, குடும்பத்தைப் பற்றியதற்குக் "குடும்பப் பின்னணி"?

இங்கேதான் எனக்குத் தயக்கம். வரன் விளம்பரங்களில் "நல்ல குடும்பப் பின்னணி" என்று படித்துப் பழகியவர்கள் நாம். ஒரு தாயிடம் "உங்கள் குடும்பப் பின்னணி என்ன?" என்று கேட்டால், சாதியைக் கேட்கிறார்களோ என்றுதான் நினைப்பார். இதைவிடப் பெரிய சிக்கல், பின்னணி என்றதும் அது மாறாதது என்ற எண்ணம் வந்துவிடுவது.

ஆய்வுகள் குடும்பத்தை எப்படிப் பார்த்தன என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள். பிரிட்டனில் 1946 மார்ச்சில் ஒரே வாரத்தில் பிறந்த குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு தொடங்கியது. தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்கள் 5,362 பேர். யாரைச் சேர்ப்பது என்பதையே அப்பாவின் தொழில்தான் முடிவு செய்தது. உடலுழைப்பு அல்லாத வேலையில் இருந்தவர்கள், விவசாயத் தொழிலாளர்கள் ஆகியோரின் பிள்ளைகள் எல்லோரும் சேர்க்கப்பட்டார்கள். மற்ற உடலுழைப்பாளர்களின் பிள்ளைகளில் நான்கில் ஒருவர்தான். திருமணமாகாத தாய்மாரின் குழந்தைகளுக்கு இடமே இல்லை. குடும்பம் என்றால் அப்பாவின் வேலை என்று ஆகிவிட்டது. எனக்கு இது இன்றும் உறுத்துகிறது.

நியூசிலாந்தின் டனீடின் நகரில் நடக்கும் ஆய்வில் 1972–73-இல் அங்கே பிறந்த 1,037 பேர். பெற்றோரின் தொழிலைப் பிறப்பு முதல் 15 வயதுவரை திரும்பத் திரும்பப் பதிந்து, அந்தச் சராசரியைப் பல கட்டுரைகளில் பயன்படுத்தினார்கள். பிள்ளைக்கு ஐந்து வயதில் அப்பாவின் வேலை போகலாம், ஒன்பது வயதில் அம்மா வேலையில் சேரலாம். நமக்கு வேண்டியது இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்குகிற சொல்.

என் பரிந்துரை "குடும்பநிலை". முன்னால் அடைமொழி சேர்ப்பதும் எளிது: பிறப்புக்காலக் குடும்பநிலை, பள்ளிக்காலக் குடும்பநிலை, சராசரிக் குடும்பநிலை.

> "குடும்பச் சூழல்" இன்னும் இயல்பாக இல்லையா?

இயல்புதான். ஆனால் வீட்டில் புத்தகம் இருக்கிறதா, பிள்ளையோடு பேசி விளையாடுகிறார்களா என்பதையெல்லாம் இந்த ஆய்வுகளில் தனியாக அளப்பார்கள். அந்தச் சொல்லை அதற்கு விட்டுவைப்போம். "குடும்ப நிலைமை" வேண்டவே வேண்டாம். பணக்கஷ்டத்தைச் சொல்வதுபோல் ஆகிவிடும்.

அப்புறம், தாய்மார் கையில் கொடுக்கும் கேள்வித்தாளில் "குடும்ப விவரம்" என்றே இருக்கட்டும். "குடும்பநிலை" கட்டுரைக்கும் அட்டவணைக்கும்.

ஒன்று இன்னும் பேச வேண்டியிருக்கிறது. பெற்றோர் வெளியூரில் வேலை பார்க்க, பிள்ளை பாட்டி வீட்டில் வளர்ந்தால், அட்டவணையில் யாருடைய நிலையைப் பதிவது? "வளர்ப்பவர் நிலை" என்று தனிச்சொல் வைக்கலாமா? களத்தில் வேலை செய்தவர்கள் எழுதுங்கள்.