'கசப்புவரி': பிரித்தானிய மாற்றுப் பாப் பாடல்களுக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

பிரித்தானிய மாற்றுப் பாப் (alternative pop) இசையில் 1980களில் வேரூன்றிய, நம்பிக்கை வறண்டு மனம் கசந்த பாடல்வரிகளைக் குறிக்கச் 'சோகப்பாடல்' என்ற சொல்லே போதும் என்னும் கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. நம் திரைப்பட வழக்கில் சோகப்பாடல் என்றால் மெட்டும் சேர்ந்து அழும். தாளம் தளரும், குரல் தழுதழுக்கும். இவற்றிலோ மெட்டு இனிக்க, சொல் மட்டும் கசக்கிறது.

மான்செஸ்டரின் தி ஸ்மித்ஸ் குழு 1984இல் வெளியிட்ட 'ஹெவன் நோஸ் ஐம் மிசரபிள் நவ்' பாடலில், நாட்டில் 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலையின்றி இருந்த அந்நாளில், தேடிய வேலை கிடைத்தும் துயரம் தீராத ஒருவனாக நின்று குழுவின் பாடகர் மோரிசி பாடுகிறார். கிதார் கலைஞர் ஜானி மாரின் இசையோ இளவெயில்போல் மினுங்குகிறது. ஹல் நகரத்துத் தி பியூட்டிபுல் சவுத் குழு இதை இன்னும் கூர்மையாக்கியது. 1990இல் பிரிட்டனின் விற்பனைத் தரவரிசையில் முதலிடம் பிடித்த 'எ லிட்டில் டைம்' ஏறத்தாழத் தாலாட்டுப்போல் நகர்கிறது. யோசிக்கக் கொஞ்சம் அவகாசம் வேண்டுமென்று ஆண்குரல் இதமாகக் கேட்கிறது. பெண்குரல் அந்த வேண்டுகோளின் உள்நோக்கத்தைத் தோலுரிக்கிறது. அன்பு மாறவில்லை என்று அவன் திரும்பி வரும்போது, நீ விரும்பிய விடுதலை இனி என்றைக்கும் உனக்கே என்று, குரலை உயர்த்தாமலே கதவைச் சாத்திவிடுகிறாள். அந்தத் தணிந்த குரலில்தான் கசப்பு முழுவதும் இருக்கிறது.

பழைய சொற்களிலும் தேடிப் பார்த்தேன். 'கையறுநிலை' இறந்தவரை எண்ணிப் புலம்பும் பாட்டுத்துறை. இங்கே எவரும் இறக்கவில்லை. மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகிய நான்கிலிருந்து பிறப்பதாகத் தொல்காப்பியர் கூறும் 'இளிவரல்' (இழிவுணர்வு) பொருளால் மிக நெருங்கி வருகிறது; ஆயினும் இன்றைய வாசகரின் காதில் அது 'இளிப்பு' என்றே விழும் என அஞ்சுகிறேன்.

ஆகவே 'கசப்புவரி' என்பதை முன்வைக்கிறேன். 'வரி' எழுத்தின் வரியையும் குறிக்கும், பாட்டின் வகையையும் குறிக்கும். சிலப்பதிகாரத்துக் கானல்வரியிலும் யாழின் இனிமைக்குள் இருந்த சொற்களே கோவலனையும் மாதவியையும் பிரித்தன. கைப்பு என்றாலும் கசப்புதான் என்பதால் 'கைப்புவரி' எனலாமா என்றும் எண்ணிப் பார்த்தேன். 'கை' என்று பிரித்துப் படிக்க இடமுண்டாதலால் விலக்கினேன். கசப்புவரிப் பாடல், கசப்புவரிக் கவிஞர் என்று தொடர்களும் இயல்பாக அமைகின்றன.

தி ஸ்பெஷல்ஸ் குழுவின் 'கோஸ்ட் டவுன்' (1981) போல, மெட்டே பாழடைந்த ஊராக ஒலிக்கும் பாடல்களுக்கு மட்டும் இச்சொல்லை நீட்ட வேண்டாம். அவற்றுக்கு வேறு சொல் தேடுவோம்.