ஹாங்காங் உண்மையிலேயே தடையற்ற சந்தைதானா?

முல்லைநிலம் (கேள்வி)
பொருளியல் படிக்கும் என் மகள் கேட்ட கேள்விக்கு என்னால் விடை சொல்ல முடியவில்லை. அமெரிக்க ஆய்வு அமைப்பான ஹெரிடேஜ் பவுண்டேஷனின் பொருளாதாரச் சுதந்திரப் பட்டியலில் 1995 முதல் 2019 வரை ஹாங்காங்குக்கே முதலிடம். ஆனால் செயின்ட் ஜான்ஸ் தேவாலயம் நிற்கும் மனையைத் தவிர, அங்கே நிலம் முழுவதும் அரசுக்குச் சொந்தம், மற்றவர்கள் குத்தகைதாரர்களே. இதைத் தடையற்ற சந்தை என்று எப்படிச் சொல்கிறார்கள்?

கணக்குப்பிள்ளை
அந்தப் பட்டியல் வரி, வணிகம், முதலீடு, சொத்துரிமைப் பாதுகாப்பு போன்றவற்றை அளக்கிறது. நிலம் யாருடையது என்று கேட்பதில்லை. மது, புகையிலை, எரிபொருள் எண்ணெய், மெத்தில் ஆல்கஹால் தவிர வேறெதற்கும் அங்கே சுங்கவரி கிடையாது. 1961 முதல் 1971 வரை நிதிச் செயலராக இருந்த ஜான் கௌபர்த்வெய்ட், நாட்டு வருமானப் புள்ளிவிவரம் கையில் இருந்தால் அதைக் காட்டியே அரசு தலையிட முனையும் என்று அஞ்சி, அதைத் திரட்டவே மறுத்தவர். ஆகவே அந்தப் பெயர் சும்மா வந்ததல்ல.

துறைமுகத்தான்
சரிதான், ஆனால் அது பாதிக் கதை. நிலக் குத்தகையை விற்றுக் கருவூலம் நிரம்புவதால்தான் வரியைக் குறைவாக வைக்க முடிகிறது; வரியாகக் கொடுக்காததை மக்கள் வீட்டு விலையாகவும் வாடகையாகவும் கொடுக்கிறார்கள். 1953 கிறிஸ்துமஸ் இரவில் ஷெக் கிப் மெய் குடிசைப் பகுதி எரிந்து 50,000க்கும் மேற்பட்டோர் வீடிழந்த பிறகு, அரசே அடுக்குமாடிகளைக் கட்டத் தொடங்கியது. கௌபர்த்வெய்ட் காலத்திலும் அந்தப் பணி நிற்கவில்லை.

டாக்சியையும் பாருங்கள். சுமார் 18,000 உரிமங்கள் என்ற வரம்பு பல்லாண்டுகளாக மாறாததால், 2010களின் நடுவில் நகர்ப்புற உரிமம் ஒன்று 70 லட்சம் ஹாங்காங் டாலரைத் தாண்டி விலைபோனது. வண்டியோட்டத் தெரிந்தவன் அவ்வளவு பணத்துக்கு எங்கே போவான்? நாள் வாடகைக்கு எடுத்துத்தான் ஓட்ட வேண்டும். அரசு பெரியதா சிறியதா என்பதை நான் பார்ப்பதில்லை. தொழில் தெரிந்த புதியவன் உள்ளே நுழைந்து தன் விலையைச் சொல்ல முடிகிறதா என்பதையே பார்க்கிறேன்.

சிராங்கூன்வாசி
2020இல் முதலிடத்துக்கு வந்த சிங்கப்பூரிலும் இதே நிலைதான். மக்களில் பெரும்பாலோர் அரசு கட்டிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் வாழ்கிறார்கள். 1989 முதல் ஒவ்வொரு புளோக்கிலும், அதாவது அடுக்குமாடிக் கட்டடத்திலும், இன விகிதத்துக்கு வரம்பு உண்டு. சீனருக்கான வரம்பு நிரம்பிய புளோக்கில் ஒரு தமிழர் தம் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்க வருவோர் குறைவதால் விலையையும் குறைக்க வேண்டியிருக்கும். துறைமுகத்தான் சொன்ன அளவுகோலில் இது சந்தைக்குத் தடைதான். ஆயினும், ஒவ்வோர் இனமும் தனித்தனிப் பேட்டையாகப் பிரிந்துவிடாமல் காத்த அந்த விதியை எடுத்துவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.