போன வருடம் திறந்த ஏசி ஆயிலை இப்போது ஊற்றலாமா?

கேள்வி:
2013 மாடல் கார். கல் தெறித்து ஏசி கண்டென்சரில் (முன்பக்கம் இருக்கும், கேஸின் சூட்டை வெளியேற்றும் பாகம்) ஓட்டை, கேஸ் மொத்தமும் போய்விட்டது. புது கண்டென்சரை நானே மாட்டலாம் என்று இருக்கிறேன். வேக்கம் போட்டு (உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து) கேஸ் அடிக்க மட்டும் கடைக்குப் போவேன். போன ஐப்பசியில் திறந்த, ஏசி கம்ப்ரஸருக்கான பி.ஏ.ஜி. 46 ஆயில் பாதி டின் இருக்கிறது, மூடி இறுக்கித்தான் இருக்கிறது. ஊற்றலாமா? எவ்வளவு? பைப்பை லேசாகத் தளர்த்தியபோது விரலில் பச்சையாக ஆயில் பட்டது. பயப்பட வேண்டுமா?

பதில் 1:
தம்பி, அந்த டின் வேண்டாம். பி.ஏ.ஜி. ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உப்பு மாதிரி இழுக்கும். ஐப்பசி மழையில் திறந்தது வேறு! பைப்பில் நிற்கும் ஈரத்தை வேக்கம் உறிஞ்சிவிடும். ஆயிலோடு கலந்த தண்ணீர் அவ்வளவு லேசில் பிரியாது. உள்ளே அமிலமாகி கம்ப்ரஸரை அரிக்கும். சின்ன டின்னாகப் புதிது வாங்குங்கள். புது கண்டென்சரின் மூடிகளையும் மாட்டுகிற நிமிடம் வரை கழற்றாதீர்கள்.

கண்டென்சர் மட்டும் மாற்றினால் பெரும்பாலும் 30, 40 மில்லிக்குள்தான் வரும். சரியான அளவு சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். கூடினால் கூலிங் குறையும், குறைந்தால் கம்ப்ரஸர் போகும்.

பச்சை நிறம், பெரும்பாலும் லீக் பார்க்க முன்பு விட்ட டை (சாயம்). சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

பதில் 2:
பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் தொடவே தொடாதீர்கள் சார். கேஸ் தீர்ந்துவிட்டது என்று நம்பி ஒருமுறை நட்டைத் திருப்பினேன். மிச்சமிருந்த கேஸ் ஆயிலோடு சேர்ந்து முகத்தில் பீய்ச்சியது. ஆர்134ஏ என்கிற இந்த ஏசி கேஸ் கொதிப்பதே மைனஸ் 26 டிகிரியில், பட்ட இடம் உறைந்துபோகும். என் புருவத்தோடு போனது. கண்ணில் பட்டால் கசக்காமல் கால் மணி நேரம் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள்.

கேட்டவர்:
நன்றி அண்ணா, நன்றி சார். டானிக் மூடியில் அளந்து புது ஆயில் 35 மில்லி விட்டேன், எங்கள் புத்தகத்தில் அதுதான் போட்டிருக்கிறது. இன்னொன்று: நண்பர் தன் ஹைபிரிட் காருக்கு அந்தப் பாதி டின்னைக் கேட்கிறார்.

பதில் 1:
ஐயோ, கொடுத்துவிடாதீர்கள். கரண்டில் ஓடும் கம்ப்ரஸர் என்றால் அதற்குப் பெரும்பாலும் பி.ஓ.இ. என்கிற வேறு வகை ஆயில். பி.ஏ.ஜி. கொஞ்சம் கலந்தாலும் உள்ளே இன்சுலேஷன் கெட்டு மின்கசிவு வரும். வீட்டு கேட் கீலுக்கு விட்டுத் தீருங்கள். பெயின்டில் மட்டும் படாமல்.