புதுப்பிப்பு: டிரைவ் மாற்றியதும் பூட் ஆகாமல் நின்ற டெபியன் (லினக்ஸ்) சர்வர் எழுந்துவிட்டது

போன வாரம் இங்கே கேட்டிருந்தேன்: பழைய சாட்டா எஸ்எஸ்டியிலிருந்து என்விஎம்இ டிரைவுக்கு (வேறு வகை இணைப்பில் ஓடும் எஸ்எஸ்டி, கெர்னலில் அதற்குத் தனி டிரைவர் வேண்டும்) ஆர்சிங்க் மூலம் எல்லாவற்றையும் நகலெடுத்து, எஃப்எஸ்டேபிலும் (பூட்டின்போது இணைக்க வேண்டிய பார்ட்டிஷன்களின் பட்டியல்) க்ரப்பிலும் (லினக்ஸின் மையமான கெர்னலை ஏற்றும் நிரல்) புது யூயூஐடியைப் (பார்ட்டிஷனின் தனி அடையாள எண்) போட்ட பிறகும், ரூட் பார்ட்டிஷன் இல்லை என்று இனிட்ராம்எஃப்எஸ் (ரூட் பார்ட்டிஷன் கிடைக்கும்வரை கெர்னல் பயன்படுத்தும் சிறிய தற்காலிகக் கோப்பு அமைப்பு) ஷெல்லில் போய் நின்றது.

பலரும் யூயூஐடியைத்தான் சந்தேகப்பட்டீர்கள், நானும்தான். அது சரியாகவே இருந்தது. ஒருவர் சொன்னபடி அதே ஷெல்லில் டெவ் அடைவை (கெர்னல் கண்டுபிடித்த டிரைவ்கள் தெரியும் இடம்) பார்த்தேன், என்விஎம்இ என்று தொடங்கும் பெயர் ஒன்றுகூட இல்லை. க்ரப் படித்த டிரைவ் கெர்னலுக்குத் தெரியவே இல்லை.

காரணம் இனிட்ராம்எஃப்எஸ் அமைப்புக் கோப்பில் மாட்யூல்ஸ் என்ற ஒரே வரி. டெபியனில் அது இயல்பாக 'மோஸ்ட்' (பெரும்பாலான டிரைவர்களையும் சேர்) என்றிருக்கும். பூட் பார்ட்டிஷனில் இடம் பற்றாமல் முன்பு 'டெப்' என்று மாற்றியிருந்தேன், அப்படி வைத்தால் இனிட்ராம்எஃப்எஸ்ஸைக் கட்டும்போது இருக்கும் ஹார்டுவேருக்குத் தேவையான டிரைவர்கள் மட்டுமே உள்ளே போகும், பழைய டிரைவ் சாட்டா என்பதால் என்விஎம்இ டிரைவர் வரவில்லை.

லைவ் யூஎஸ்பியில் ஏறி, ரூட்டையும் பூட்டையும் மவுண்ட் செய்து, டெவ், ப்ராக், சிஸ் மூன்றையும் பைண்ட் செய்து, சிஎச்ரூட்டுக்குள் (டிரைவில் உள்ள சிஸ்டத்துக்குள்ளேயே வேலை செய்யும் வழி) போய் 'மோஸ்ட்' ஆக்கி, எல்லாக் கெர்னல்களுக்கும் இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதிதாகக் கட்டினேன். பூட் ஆனது!

அப்புறமும் ஒவ்வொரு முறையும் 90 விநாடி காத்து நின்றது. எஃப்எஸ்டேபில் பழைய ஸ்வாப்பின் (ரேம் போதாதபோது உதவும் பார்ட்டிஷன்) யூயூஐடி மிச்சம் இருந்தது, இல்லாத அதைத் தேடித்தான் காத்திருந்தது. அதையும் மாற்றினேன், இப்போது நேராக லாகினுக்கு வருகிறது. டெவ் அடைவைப் பார்க்கச் சொன்னவருக்கு மனமார்ந்த நன்றி.