மறு: உணர்வறிவா, மனப்பக்குவமா? கன்பூசியஸ் எந்தப் பக்கம்?

அன்புள்ள குழுவினருக்கு,

‘எமோஷனல் இன்டெலிஜென்ஸ்’ என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இழையில் இதுவரை வந்திருக்கும் சொற்கள்: மனவெழுச்சி நுண்ணறிவு, உணர்ச்சி நுண்ணறிவு, உணர்வுசார் நுண்ணறிவு, குறிப்பறிவு, மனப்பக்குவம். கடைசிச் சொல்லை முன்வைத்த நம் குழு அம்மா எழுதியது:

> கன்பூசியஸ் 2,500 ஆண்டுகளுக்கு முன்பே சொன்னதைத்தான் அமெரிக்கர்கள் பெயர் மாற்றி விற்கிறார்கள். நாம் அதை ‘மனப்பக்குவம்’ என்கிறோம். இருக்கிற சொல்லை விட்டுவிட்டுப் புதிதாக எதற்கு ஒன்றைக் கட்ட வேண்டும்?

பாதி எனக்கு உடன்பாடு. கன்பூசியஸ் பேசியதற்கு மனப்பக்குவம் நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் அமெரிக்கர்கள் பேசியது அதே பொருள்தானா? இல்லை என்பது என் கட்சி. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் இரண்டுமே கெடும்.

முதலில் அமெரிக்கப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1990-இல் பீட்டர் சலோவி, ஜான் மேயர் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். தன் உணர்ச்சிகளையும் பிறர் உணர்ச்சிகளையும் கவனித்து, இது இன்னது என்று பிரித்தறிந்து, அந்தத் தகவலைத் தன் சிந்தனைக்கும் செயலுக்கும் பயன்படுத்தும் திறன் என்று வரையறுத்தார்கள். 1997-இல் அதை நான்காகப் பகுத்தார்கள்: உணர்ச்சியை இனங்காணல், சிந்தனைக்குத் துணையாக்கல், புரிந்துகொள்ளல், கையாளல். நடுவில் 1995-இல் வந்த டேனியல் கோல்மனின் நூல்தான் இதை அலுவலகப் பயிற்சி வகுப்புகள்வரை கொண்டுபோனது. அப்புறம் டேவிட் கருசோவும் சேர்ந்துகொள்ள, மூவருமாக உருவாக்கிய தேர்வு 2002-இல் வெளிவந்தது. ஒரு முகத்தின் படத்தைக் காட்டி, இதில் கோபம் எவ்வளவு, அச்சம் எவ்வளவு என்று கேட்பார்கள். எது சரியான விடை? பெரும்பான்மையோர் சொன்னது, அல்லது வல்லுநர்கள் சொன்னது. இது வேடிக்கையாகத் தோன்றினாலும் ஒன்று தெளிவு. இவர்கள் ‘அறிவு’ என்று சொல்வது அலங்காரத்துக்கு அல்ல. கணக்குத் திறன், மொழித் திறன் போல அளக்கக்கூடிய ஒரு திறனைத்தான் சொல்கிறார்கள்.

இனி கன்பூசியஸ். (கி.மு. 551–479, பண்டைச் சீனத்தின் லூ நாடு.) அவருடைய உரையாடல்கள் ‘லுன்யூ’ என்ற தொகுப்பில் இருக்கின்றன. அவருக்குப் பின்னால் சீடர்களும் அவர்கள் வழிவந்தவர்களும் தொகுத்தது. உணர்ச்சியைப் பற்றி அதில் தனிக் கோட்பாடு கிடையாது. துண்டு துண்டாக நிகழ்ச்சிகள்தான்.

லூ நாட்டுக் கோமான் ஆய் கேட்கிறார்: உம் சீடர்களில் கற்பதில் ஆர்வமுள்ளவர் யார்? கன்பூசியஸ் யென் ஹுய் பெயரைச் சொல்கிறார். காரணம் என்ன? எத்தனை நூல் படித்தான் என்ற பேச்சே இல்லை. “ஒருவர்மேல் உள்ள கோபத்தை இன்னொருவர்மேல் காட்டமாட்டான், செய்த தவற்றைத் திரும்பச் செய்யமாட்டான்.” ஆனால் அவன் அற்பாயுளில் போய்விட்டான், இப்போது அப்படி ஒருவரும் இல்லை என்கிறார். மேலதிகாரியிடம் வாங்கிய திட்டை வீட்டுக்கு வந்து பிள்ளையிடம் இறக்கிவைக்காமல் இருப்பதற்கு அவர் தந்த பெயர் ‘கல்வி’. அந்த யென் ஹுய் இறந்தபோது கன்பூசியஸ் தாங்கமாட்டாமல் அழுதார். அளவு மீறுகிறீர்கள் என்று உடனிருந்தவர்கள் சொன்னார்கள். இவனுக்காக அழாமல் வேறு யாருக்காக அழுவேன் என்று கேட்டார். ஆகவே ‘உணர்ச்சியை அடக்கும் ஞானி’ என்ற படம் அவருக்குப் பொருந்தாது.

இன்னொரு நிகழ்ச்சி. பார்வையற்ற இசை ஆசான் மியென் அவரைப் பார்க்க வருகிறார். படிக்கட்டை நெருங்கியதும் “இதோ படி” என்கிறார் கன்பூசியஸ். பாயை நெருங்கியதும் “இதோ பாய்”. எல்லாரும் உட்கார்ந்தபின், இன்னார் இங்கே இருக்கிறார், இன்னார் அங்கே இருக்கிறார் என்று ஒவ்வொருவராகச் சொல்கிறார். ஆசான் போனபின் சீடர் ஒருவர் கேட்கிறார்: இசை ஆசானிடம் பேசும் முறை இதுதானா? ஆம், இசை ஆசானுக்குத் துணைநிற்கும் முறை இதுதான் என்கிறார். அவ்வளவுதான், அந்தப் பகுதி முடிந்துவிடுகிறது. இரக்கம் என்ற சொல்லே அதில் இல்லை.

ஆளறிந்து பேசுவதற்கு ஒன்று. ‘நல்லதைக் கேட்டவுடன் செய்துவிட வேண்டுமா’ என்று ஜிலு என்ற சீடர் கேட்கிறார். தந்தையும் தமையன்மாரும் இருக்கும்போது எப்படி உடனே செய்வாய் என்று கன்பூசியஸ் தடுக்கிறார். அதே கேள்வியை ரான் யூ என்ற இன்னொரு சீடர் கேட்கிறார். உடனே செய் என்கிறார். பார்த்துக்கொண்டிருந்த மூன்றாவது சீடருக்குக் குழப்பம். கன்பூசியஸ் விளக்குகிறார்: ரான் யூ தயங்குகிறவன், அதனால் தள்ளிவிட்டேன், ஜிலுவிடம் இரண்டு பேருக்கான துணிச்சல், அதனால் பிடித்து இழுத்தேன்.

இந்த அளவில் பார்த்தால் அம்மா சொல்வது சரிதான். இனங்காணல், புரிந்துகொள்ளல், கையாளல் எல்லாமே இங்கே இருக்கின்றன. பிரியும் இடம் வேறு.

லுன்யூவின் தொடக்கத்திலேயே ஒரு வரி வருகிறது: நயமான பேச்சும் இனிய முகபாவமும் உள்ளவரிடம் ‘ரென்’ இருப்பது அரிது. ரென் என்பது அவருடைய மைய அறம். மனிதநேயம், மாண்பு என்றெல்லாம் மொழிபெயர்க்கிறார்கள். எதிரே இருப்பவர் முகத்தைப் படித்து, அவருக்கு எது இனிக்குமோ அதைப் பேசுகிறவரைத்தான் கன்பூசியஸ் சந்தேகிக்கிறார். சலோவி–மேயர் தேர்வில் அந்த ஆள் நல்ல மதிப்பெண் வாங்கிவிடலாம். தேர்வுக்கு அவர் நோக்கத்தைப் பற்றிக் கவலை இல்லை. அது தேர்வின் குறையும் அல்ல; திறனை அளக்க வந்த கருவி திறனைத்தான் அளக்கும்.

இன்றைய சீனத்திலேயே இந்த வழுக்கலைப் பார்க்கலாம். அங்கே ‘சிங்ஷாங்’ என்கிறார்கள். நுண்ணறிவு ஈவை (ஐ.க்யூ.) குறிக்கும் ‘ஜிஷாங்’ என்ற சொல்லின் அச்சில் வார்த்தது. ‘உயர்ந்த சிங்ஷாங் உள்ளவர்’ என்றால் பேச்சு வழக்கில் பல நேரம் யார் மனமும் கோணாமல் சாமர்த்தியமாகப் பேசத் தெரிந்தவர் என்றுதான் பொருள். கன்பூசியஸ் எச்சரித்த ஆளுக்கே அவர் நாட்டில் பாராட்டுச் சொல்லாகிவிட்டது!

கன்பூசிய மரபில் இதை இன்னும் கூர்மையாகக் காட்டுபவர் மென்சியஸ் (கி.மு. நான்காம் நூற்றாண்டு). ச்சி நாட்டு மன்னன் ஷுவான் மண்டபத்தில் அமர்ந்திருக்கிறான். கீழே ஒருவன் எருதை ஓட்டிக்கொண்டு போகிறான். எங்கே? புதிய மணிக்கு இரத்தப் பலி கொடுக்க. “விட்டுவிடு, அது நடுங்குவதை என்னால் பார்க்க முடியவில்லை” என்கிறான் மன்னன். அப்படியானால் சடங்கையே நிறுத்திவிடலாமா? அதெப்படி, எருதுக்குப் பதில் ஆட்டைக் கொடு! மன்னன் கஞ்சன், அதனால்தான் சின்ன விலங்காக மாற்றினான் என்று ஊர் சிரித்தது. மென்சியஸ் சிரிக்கவில்லை. எருதைக் கண்ணால் பார்த்தீர்கள், ஆட்டைப் பார்க்கவில்லை, அதுதான் காரணம்; இந்த மனம்தான் ரென் பிறக்கும் வழி என்கிறார்.

அங்கேயே நிறுத்தியிருந்தால் மன்னனுக்குப் பாராட்டு விழாவாகியிருக்கும். மென்சியஸ் விடவில்லை. உங்கள் கருணை ஒரு விலங்குவரை எட்டுகிறது, குடிமக்கள்வரை எட்டவில்லையே, ஏன்? நடுக்கத்தைக் கண்டுகொள்ளும் திறன் மன்னனுக்கு இருக்கிறது. இல்லாதது, அதைக் கண்ணில் படாதவர்கள்வரை விரிக்கும் பழக்கம். அதற்குப் பயிற்சி வேண்டும், காலம் வேண்டும். இந்தப் பயிற்சிக்குத்தான் நம் ‘மனப்பக்குவம்’ பொருத்தம். குழம்பின் பக்குவம் போலத்தான்: தீயும் நேரமும் கையும் சேர்ந்து வருவது. ‘எனக்குப் பக்குவம் 118’ என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

ஆகவே என் முன்மொழிவு: உளவியலார் அளக்கும் திறனுக்கு உணர்வறிவு, கன்பூசிய மரபு பேசும் தன்னைச் செம்மையாக்கலுக்கு மனப்பக்குவம்.

மற்றவை ஏன் வேண்டாம்? ‘மனவெழுச்சி’ ஏற்கெனவே கல்வியியல் பாடநூல்களில் இருக்கிறது, தெரியும். ஆனால் சோர்வும் துயரும் எழுச்சியா? ‘நுண்ணறிவு’ என்றதும் இன்று யாருக்கும் ‘செயற்கை’ என்ற முன்னொட்டுத்தான் நினைவுக்கு வருகிறது. ‘உணர்ச்சி நுண்ணறிவு’ என்றால் அழத் தெரிந்த கணினி என்று நினைப்பார்கள். குறிப்பறிவு அழகான சொல், ஆனால் நான்கு பகுப்பில் முதலாவதை மட்டும் தொடுகிறது. ‘பக்குவம் வடசொல்’ என்று ஒருவர் வருந்தியிருந்தார். இருக்கட்டும். அடுப்படியில் புழங்குகிற சொல்லை அகராதியிலிருந்து துரத்த எனக்கு விருப்பமில்லை.

அன்புடன்.

—

மறுமொழி:

> தம்பி, நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ‘அறிவு’ என்ற சொல்லைக் குணத்திலிருந்து இப்படிப் பிய்த்துக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. வள்ளுவர் என்ன சொல்கிறார்? “அறிவினான் ஆகுவ துண்டோ பிறிதின்நோய் / தந்நோய்போல் போற்றாக் கடை.” பிறர் நோவைத் தன் நோவாகக் கருதாவிட்டால் அந்த அறிவால் என்ன பயன் என்கிறார். நம் மரபில் அறிவும் அறமும் ஒன்று. உணர்வறிவு என்று சொன்னால் அதில் அறமும் சேர்ந்தே ஒலிக்கும். பிறகு எதற்கு இரண்டு சொல்? கன்பூசியஸும் பிரித்திருக்கமாட்டார்.

—

ஐயாவுக்கு வணக்கம்.

குறளை நான் வேறு மாதிரி படிக்கிறேன். ‘போற்றாவிட்டால் அது அறிவே அல்ல’ என்று வள்ளுவர் சொல்லவில்லை. ‘அறிவால் ஆவது என்ன’ என்றுதான் கேட்கிறார். அறிவு இருக்கும், போற்றுதல் இல்லாமலும் போகும் என்ற நிலை அவருக்குத் தெரிந்திருப்பதால்தான் அந்தக் கேள்வியே வருகிறது. போற்றுதல் அறிவுக்குள்ளேயே அடங்கியிருந்தால் ‘கடை’ என்ற நிபந்தனைக்கு இடமில்லை.

கன்பூசியஸ் பிரித்தே இருக்கிறார், அதுவும் ஒரே உரையாடலில். ஃபான் ச்சி என்ற சீடர் ரென் என்றால் என்ன என்று கேட்கிறார். மனிதர்களை நேசித்தல். ‘ஜி’, அதாவது அறிவு, என்றால்? மனிதர்களை அறிதல். இரண்டு கேள்வி, இரண்டு சொல், இரண்டு விடை. ஃபான் ச்சிக்குப் புரியவில்லை. நேர்மையானவர்களை உயர்த்திக் கோணலானவர்களுக்கு மேலே வைத்தால் கோணலும் நேராகும் என்று மேலும் விளக்குகிறார். அதாவது ஆளை அறிவது, நேசத்தின் வேலையைச் செய்ய உதவ வேண்டும். இரண்டும் சேர வேண்டும் என்பதில் நமக்குள் வேறுபாடே இல்லை ஐயா. சேர வேண்டியவை இரண்டு என்று தெரிந்தால்தானே எது குறைகிறது என்று சொல்ல முடியும்? “அவருக்கு உணர்வறிவு இருக்கிறது, மனப்பக்குவம் இல்லை” என்று ஒரு வாக்கியம் தமிழில் எழுத முடிய வேண்டும். எல்லா அலுவலகத்திலும் அப்படி ஒருவர் இருக்கிறார்.

உணர்வறிவு என்றால் அறமும் சேர்ந்து ஒலிக்கும் என்றீர்கள். இப்போது அப்படி ஒலிக்கலாம். அந்தத் தேர்வின் மதிப்பெண் பட்டியலை நாலு நிறுவனங்கள் தமிழில் அச்சடித்துக் கொடுத்தால் ஒலிப்பு மாறிவிடும்.

ஒரு சின்னத் திருத்தமும் வேண்டும். ‘உணர்வறிவு ஈவு’ என்று ஒருவர் நீட்டியிருக்கிறார். நுண்ணறிவு ஈவு என்ற பெயரில் ‘ஈவு’ வந்தது, தொடக்கத்தில் மன வயதை உண்மை வயதால் வகுத்ததால். இங்கே வகுத்தலே கிடையாது. ‘உணர்வறிவு மதிப்பெண்’ போதும்.

பட்டியலுக்கு நான் தரும் பதிவுகள் இவை. ஒப்புதல் இருந்தால் ஏற்றிவிடுங்கள்:

உணர்வறிவு: தன், பிறர் உணர்ச்சிகளை இனங்கண்டு, புரிந்து, சிந்தனையிலும் செயலிலும் பயன்படுத்தும் திறன். உளவியல். (பாடநூல் வழக்கு: மனவெழுச்சி நுண்ணறிவு.)

மனப்பக்குவம்: உணர்ச்சி உரிய இடத்தில், உரிய அளவில், உரியவரிடம் வெளிப்படும்படி தன்னைப் பழக்கிக்கொண்ட நிலை. அறவியல், கன்பூசிய மரபு.

கன்பூசியஸின் ‘ஷு’ என்ற சொல்லுக்கு ஒத்துணர்வு போதுமா என்று அம்மா கேட்டிருந்தார்கள். போதாது. வாழ்நாள் முழுக்கக் கடைப்பிடிக்க ஒரே சொல் தாருங்கள் என்று சீடர் ஜிகோங் கேட்டபோது கன்பூசியஸ் தந்த சொல் அது. உனக்கு வேண்டாததைப் பிறருக்குச் செய்யாதே என்று விளக்கமும் கொடுத்தார். ஒத்துணர்வில் உணர்தல் இருக்கிறது, செய்யாதிருத்தல் இல்லை. அதற்குத் தனி இழை தொடங்குங்கள், இங்கேயே பேசினால் இந்த இரண்டு சொல்லும் பட்டியலில் ஏறாமலே போய்விடும்.