மறு: மெல்லுயிரா, மூக்குயிரா?

அன்புள்ள ஐயா,

மூக்கு வழியாகவும் காற்று வர ஒலிக்கும் உயிருக்கு (ஆங்கிலத்தில் nasal vowel) நீங்கள் முன்வைத்த ‘மெல்லுயிர்’ என்ற பெயர் காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ங, ஞ, ண, ந, ம, ன ஆறும் மெல்லினம். அவற்றின் மூக்கொலி ஏறிய உயிர் மெல்லுயிர் என்ற உங்கள் வாதத்திலும் பிசகில்லை. ஆனால் ரஷ்யன், போலிஷ், செக் முதலான ஸ்லாவிய மொழிகளுக்குள் போனதும் அது காலை வாரிவிடும். ரஷ்ய இலக்கணத்தில் மென்மை என்றால் நடுநாக்கு அண்ணத்தை நோக்கி எழ ஒலிக்கும் மெய். அதைக் காட்ட ‘மென்குறி’ என்று ஓர் எழுத்தே உண்டு. மூக்குக்கு அங்கே வேலையே இல்லை.

நாம் மொழிபெயர்க்கும் அத்தியாயத்தில் வரும் ‘கை’யையே பாருங்கள். ஸ்லாவியத்துக்கு நெருங்கிய உறவான லித்துவேனியனில் அது ‘ரங்க்கா’. பொறுக்குதல், திரட்டுதல் என்று பொருள்படும் ‘ரிங்க்தி’ என்ற வினைக்கு உறவு. கை என்பது திரட்டுவது. ஸ்லாவிய மொழிகளுக்கெல்லாம் தாயான மூல ஸ்லாவியத்தில் அசையெல்லாம் உயிரில் முடிந்தாக வேண்டும் என்ற நெருக்கடி வந்தது. ‘ரங்’ என்ற அசையின் கடைசி மெய்க்கு நிற்க இடமில்லை. முன்னிருந்த உயிருக்குள்ளேயே கரைந்துவிட்டது. அப்படிப் பிறந்த வடிவத்தை *ரொ(ங்)கா என்று, ஊகித்தறிந்த வடிவம் என்பதற்கு உடுக்குறியும் மூக்கொலிக்கு அடைப்பும் போட்டு ஒப்பேற்றுகிறேன். தமிழெழுத்தில் வேறு வழி தெரியவில்லை. நமக்குப் பெயர் தேவைப்படுவது அந்த உயிருக்குத்தான்.

அதன் பிற்கால வாழ்வு சுவையானது. ரஷ்யனிலும் செக்கிலும் ‘ருக்கா’, ஸ்லோவேனியனில் ‘ரோக்கா’ என்று மூக்கொலி சுவடில்லாமல் போயிற்று. பல்கேரியர்கள் ஒலி போன பிறகும் அதற்குரிய எழுத்தை 1945 வரை விடவில்லை. பெரிய மொழிகளில் போலிஷ் மட்டுமே ‘ரெங்க்கா’ என்கிறது; அங்கும் ககரத்துக்கு முன்னால் உயிர் வேறு, ங் வேறாகப் பிரிந்தே ஒலிக்கிறது. வதை என்ற பொருளுள்ள ஸ்லாவியச் சொல்லை ஹங்கேரியர்கள் அந்த உயிரோடு கடன் வாங்கி, ‘முங்க்கா’ என்று வேலைக்குப் பெயராக்கிக்கொண்டார்கள். (அலுவலகம் போகிறவர்கள் யாரும் இதை மறுக்கமாட்டார்கள்.)

இந்த உயிர் நமக்கும் அந்நியமில்லை. பேச்சில் ‘மரம்’ என்னும்போது உதடு மூடுகிறதா, கண்ணாடியில் பாருங்கள். மூடாது, கடைசி உயிர்தான் மூக்கு வழியே வரும். தொல்காப்பியமும் மெல்லெழுத்துக்கு ‘மூக்கின் வளி’யைத்தானே சொல்கிறது? ஆகவே, பிறப்பிடத்தை நேராகச் சொல்லும் ‘மூக்குயிர்’ போதும். மூல ஸ்லாவியத்தில் இவை இரண்டு என்பதால் நாக்கின் முன்பகுதி எழுவதை முன்மூக்குயிர், பின்பகுதி எழுவதைப் பின்மூக்குயிர் என்று பிரித்துக்கொள்ளலாம்.

மூக்கொலி மறைவதற்கு ‘மூக்கிழப்பு’ என்று போட்டிருக்கிறேன். நேற்று நண்பர் ஒருவர் சொன்ன ‘மூக்கறுப்பு’ இன்னும் பொருத்தம்தான். ஆனால் அச்சுக்கு அனுப்ப எனக்குத் துணிவில்லை.